கிளட்சு மேல ரெண்டு விரல்

எங்க வீட்டுக்காரருக்கு எதுக்கெல்லாம் பயம்னு கேக்காதீங்க. எதுக்குப் பயமில்லன்னு கேளுங்க, சட்டுனு சொல்லி முடிச்சிரலாம். ராஜமணின்னு பேரு. கோவில்பட்டியில பசுவந்தனை ரோட்டுல லேத்துப் பட்டறை வச்சிருக்காவ. முன்னால பட்டறை, பின்னால வீடு. எங்க கல்யாணத்தன்னைக்கி கோயில்ல ஜெபம் முடிஞ்சு மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் வெளிய வாரோம். வாடகைக் கார் நிக்கி. எல்லாரும் ஏறுங்க ஏறுங்கன்னு சொல்லுதாவ. இவிய ஏறல. கோட்டுப் போட்டபடியே ரோட்டுல குத்தவச்சு உக்காந்து, நாலு சக்கரத்துலயும் நட்டு இறுக்கமா இருக்கான்னு ஒவ்வொண்ணா விரலால திருகிப் பாத்தாவ. பின்சக்கரத்துல ஒரு நட்டு லூசா இருந்துச்சு. டிரைவர்கிட்ட ஸ்பானரை வாங்கி முறுக்கிட்டு, கிரீஸ் கையோட வந்து என் பக்கத்துல உக்காந்தாவ. அந்தக் கறை என் கல்யாணச் சேலையில இன்னைக்கும் இருக்கு.

பஸ்ல ஏறுனா நட்ட நடு சீட்டுதான். முன்னால இருந்தா மோதுனா போச்சு, பின்னால இருந்தா வேற எவனாவது வந்து மோதுனா போச்சு. குக்கர் விசில் அடிக்கும்போது அடுக்களைப் பக்கம் வரமாட்டாவ. மோட்டார் பைக்கைக் கண்டா அந்தாக்ல ரோட்டை விட்டு இறங்கி நிப்பாவ. சைக்கிள் உண்டு, அதையும் இறக்கத்துல இறங்கி உருட்டுவாவ. நான் ஊருக்குத் தள்ளி இருக்கிற ஒரு பால்வாடியில டீச்சரு. பஸ் போகாத ஊரு. அதுக்காக ஒரு டி.வி.எஸ் ஃபிப்டி வாங்கினேன். வாங்கி வருசம் பலதாயும் ஒரு நாளும் என் பின்னால ஏறினதில்ல. "ஏங்க, பொண்டாட்டி ஓட்டுத வண்டியில ஏற வெக்கமா?"ன்னு கேட்டா, "வெக்கமில்லட்டி, பயம்"னு முகத்துக்கு நேராச் சொல்லுவாவ. நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவியளும் கூடச் சேந்து சிரிப்பாவ. அந்த விசயத்துல ரோசமே கிடையாது.

ஆனா அந்தப் பயம் சும்மா வந்ததில்ல. சின்ன வயசுல மதுரையில ஒரு மெக்கானிக் கடையில எடுபிடியா இருந்திருக்காவ. அங்க இஞ்சின் பிடிச்ச பைக்கை உருட்டிக்கிட்டு வருவாங்களாம். இஞ்சின் பிடிக்கிறதுன்னா, உள்ள மேலயும் கீழயும் ஓடுற பிஸ்டன் சூட்டுல பெருத்து, சிலிண்டர்ச் சுவரோட இறுகி அப்படியே நின்னு போறது. ஓடிக்கிட்டிருக்கிற வண்டியில அது நின்னா பின்சக்கரம் சுத்தாது. பூட்டுப் போட்ட மாதிரி நிக்கும். ஓட்டுனவன் தலைகுப்புற ரோட்டுல கிடப்பான். "அந்தக் கடைக்கு வண்டியைக் கொண்டாந்தது ஒரு நாளும் ஓட்டுனவன் கிடையாது"ன்னு சொல்லுவாவ. "அண்ணன் வருவான், மாமன் வருவான், வேற எவனாவது உருட்டிட்டு வருவான். ஓட்டுனவன் எங்கன்னு நாங்க கேக்க மாட்டோம்."

அதனாலதான் கோவில்பட்டிக்கு வந்து தனியாப் பட்டறை போட்டதும் பம்புசெட்டு இஞ்சின் வேலை மட்டும்னு வச்சிக்கிட்டாவ. பம்புசெட்டு கிணத்து மேட்டுல ஒரே இடத்துல நிக்கிது. கெட்டுப் போனா பயிருக்குத் தண்ணி நிக்கும், அவ்வளவுதான். யாரும் விழ மாட்டாங்க. சுத்துப்பட்டிக் கரிசல்காட்டு ஊர்க்காரங்க எல்லாரும் சிலிண்டரைச் சாக்குல கட்டிக்கிட்டு எங்க வீட்டு வாசலுக்குத்தான் வருவாங்க. இந்த மண்ணு இருக்கே, மாவு மாதிரி பறந்து இஞ்சினுக்குள்ள போயி, சுவரை அரம் வச்சு ராவுன மாதிரித் தேச்சிரும். தேஞ்ச சிலிண்டரை லேத்துல வச்சுக் குடைஞ்சு, ஓட்டையைப் பெருசாக்கி, அதுக்குத் தக்கன பெரிய பிஸ்டனாப் போடணும். இவிய குடைஞ்சா ஒரு முறை இருக்கு. பிஸ்டன்ல எண்ணெயைத் தடவி சிலிண்டர் வாயில வச்சுக் கையை எடுத்திருவாவ. பொத்துனு விழுந்தா லூசு. நின்னுட்டா டைட்டு. தூங்குற பிள்ளையைப் பாயில கிடத்துற மாதிரி, தன் கனத்துல தானா மெல்ல இறங்கணும். அப்படி இறங்குற வரைக்கும் விடமாட்டாவ. ராஜமணி அண்ணாச்சி போட்ட பிஸ்டன் பத்து வருசம் ஓடும்னு பேரு.

என் தம்பி சாமுவேல்ராஜ் இவியளுக்கு நேர் எதிரு. வாயும் வேகம், வண்டியும் வேகம். புதியம்புத்தூர்ல ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனிகள்ல இருந்து வெட்டுன துணியை மூட்டை மூட்டையா வாங்கி, ஊரூராத் தைக்கிற பொம்பளைகள்ட்டக் குடுத்து, தைச்சதைத் திருப்பிக் கொண்டு சேக்கிறது அவன் தொழிலு. அதுக்கு ஒரு பழைய புல்லட் வச்சிருந்தான், அறுபத்தஞ்சு மாடலு, போலீஸ் ஏலத்துல எடுத்தது. ரெண்டு பக்கமும் மூட்டை, பின்னால ஒரு மூட்டை. எதிர்காத்துல வண்டி முக்கும். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால யூனிபாரம் தைக்கிற சீசன்ல அவனுக்கு மூட்டை ரெட்டிப்பாகும். அந்தச் சமயத்துலதான் அவனுக்கு அந்தக் கோட்டித்தனம் பிடிச்சுது. தொண்ணூத்தேழு சித்திரை மாசம்.

மதுரையில பழைய சாமான் கடையில ஒரு காரோட பிஸ்டனை வாங்கிட்டு வந்து பட்டறை மேசையில வச்சான். "அத்தான், இது நம்ம புல்லட் பிஸ்டனை விடப் பெருசு. இதைப் போட்டா ஒவ்வொரு தடவையும் இஞ்சின் கூடுதலா பெட்ரோலும் காத்தும் இழுக்கும். இழுவை கூடும். மூட்டையை எல்லாம் பஞ்சு மாதிரித் தூக்கிட்டுப் போகும். சிலிண்டரை மட்டும் கொஞ்சம் பெருசாக் குடைஞ்சு தாங்க."

இவிய அந்தப் பிஸ்டனைக் கையாலகூடத் தொடல. "பைக் வேலை நான் பாக்கிறதில்ல சாமுவேலு."

"மதுரையில ஒருத்தன்கிட்டக் குடுத்தா நாலு வாரம் ஆகுங்கான். சீசன் போயிரும். வெளி ஆளு கையில குடுக்கிறதுக்கு நீங்க பாத்தா எனக்கு நம்பிக்கையா இருக்கும்லா."

"அந்தச் சுவரு இவ்வளவு குடைஞ்சா மெலிஞ்சிரும். வெடிச்சிரும்."

"அளந்து பாருங்களேன்."

ஒரு வாரம் மாட்டேன் மாட்டேன்னாவ. அவன் தினமும் வந்து வாசல்ல உக்காந்துக்கிட்டான். கூடவே அவன் மக கிருபாவும். அவன் பொண்டாட்டி ரெண்டாவது பிரசவத்துக்குப் புதியம்புத்தூர்ல தாய்வீட்டுக்குப் போயிருந்தா. மூணரை வயசு கிருபாவை நான்தான் வச்சிருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்ல. பட்டறையில லேத்து ஓடும்போது யாரையும் கிட்டத்துல விடாத மனுசன், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு ஸ்டூலு போட்டு, சுத்திச் சாக்பீஸால கோடு போட்டு, "இதைத் தாண்டப்படாது தாயி"ன்னு உக்கார வச்சிருப்பாவ. அதுவும் தாண்டாது. "மாமா, எண்ணெய் ஊத்துங்க, புகையுது"ன்னு உக்காந்த இடத்துல இருந்தே வேலை வாங்கும். கடைசியில அந்தப் பிள்ளைதான், "எங்கப்பா வண்டியைச் சரி பண்ணுங்க மாமா"ன்னு கேட்டுச்சு. மனுசன் ஒத்துக்கிட்டாவ.

எத்தனை தரம் அளந்தாவன்னு கணக்கில்ல. சுவரு தாங்குமா தாங்குமான்னு அதே புலம்பல். விளக்கைச் சிலிண்டருக்குள்ள விட்டுப் பாக்கிறதும், சுத்தியலால தட்டிச் சத்தம் கேக்கிறதும், சோத்தைப் பிசைஞ்சுட்டு உண்ணாம எந்திச்சுப் போயி மறுபடி அளக்கிறதும். எனக்கு எரிச்சலா வந்துச்சு. "பிள்ளைத்தாச்சி வயித்தைத் தடவுற மாதிரி அதையே தடவிக்கிட்டுக் கிடக்கீய, செய்யுதா இருந்தாச் செய்யுங்க, இல்லாட்டி அவன்கிட்டத் தூக்கிக் குடுங்க"ன்னேன். சுவரு தாங்கும்னு முடிவானதும் குடைஞ்சாவ. எண்ணெயைத் தடவிப் பிஸ்டனை விட்டுப் பாத்தாவ. அழகா, மெல்ல, தூங்குற மாதிரி இறங்குச்சு. அன்னைக்கித்தான் முகத்துல சிரிப்பைப் பாத்தேன்.

சாமுவேலு வண்டியை மாட்டி, ஊருக்குள்ளேயே ரெண்டு நாளு மெதுவா ஓட்டிப் பாத்தான். நல்லா ஓடுச்சு. பட்டறை வாசல்ல நின்னு ஒரு முறுக்கு முறுக்குனான், சன்னல் கம்பி அதிர்ந்துச்சு. புதியம்புத்தூர்ல அவன் பொண்டாட்டிக்குப் பையன் பிறந்திருக்கான்னு சேதி வந்துச்சு. மறுநாள் காலையில பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் தம்பியைக் காட்டப் போறேன்னு கிளம்பிட்டான். பெட்ரோல் டேங்கு மேல துண்டை மடிச்சுப் போட்டு, அதுல கிருபாவை முன்னால உக்கார வச்சான். எங்க ஊர்ல எல்லாரும் பிள்ளைகளை அப்படித்தான் கொண்டு போறது.

இவிய வெளிய வந்தாவ. "சாமுவேலு, புதுப் பிஸ்டன். நாப்பதுக்கு மேல போகக் கூடாது. பசுவந்தனையில நிப்பாட்டு, ஆறப் போடு. இடது கையில ரெண்டு விரலு எப்பவும் கிளட்சு மேலயே இருக்கணும். இஞ்சின்ல ஏதாவது ஒரு முனகல் கேட்டுச்சுன்னா யோசிக்கப்படாது, கிளட்சைப் பிடிச்சிரு. சக்கரம் தனியா உருள ஆரம்பிச்சிரும்."

"சரி அத்தான், சரி அத்தான். எத்தனை தடவ சொல்லுவிய?"

அவன் கேக்க மாட்டான்னு இவியளுக்குத் தெரியும். அதனால பிள்ளைகிட்டக் குனிஞ்சாவ. "தாயி, அப்பா இந்தக் கையில ரெண்டு விரலு இங்கன இருக்கான்னு நீ பாத்துக்கிட்டே வரணும். எடுத்தான்னா சொல்லணும். அதுதான் உனக்கு வேலை."

"சரி மாமா"ன்னு அது அங்கனயே குனிஞ்சு அப்பன் விரலைப் பாக்க ஆரம்பிச்சிட்டு. சாமுவேலு சிரிச்சிக்கிட்டே போனான். நானும் சிரிச்சேன்.

அவன் போயி கொஞ்ச நேரத்துல விவசாயம் பாக்கிற சம்சாரி ஒருத்தரு, கடற்கரை அண்ணாச்சின்னு பேரு, வந்து உக்காந்தாரு. அவரு கிணத்துப் பம்புசெட்டுச் சிலிண்டரு வேலைக்கு வந்திருந்துச்சு. கோடையில கிணத்துல தண்ணி அடிமட்டத்துக்குப் போயிரும், சேறுதான் ஏறும். சிலிண்டரைச் சுத்தி உள்ளுக்குள்ள தண்ணி ஓடுறதுக்கு ஒரு பொந்து விட்டிருப்பாங்க. கிணத்துத் தண்ணியே அது வழியாப் போயி இஞ்சினைக் குளுத்தும். அந்தப் பொந்துல சேறு அடைச்சுக் கிடந்துச்சு. இவிய கம்பியை விட்டுக் குத்தி எடுத்துட்டு, என்னைக் கூப்பிட்டு ஒரு செம்புத் தண்ணி கேட்டாவ. நான் கொண்டு போனேன். மேல ஊத்துனாவ. தண்ணி சிலிண்டரைச் சுத்தி ஓடி, கீழ்வழியாக் கலங்கலா வந்து விழுந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னாவ. செம்பு கையில சரிஞ்சுக்கிட்டே இருக்கு, மிச்சத் தண்ணி கால்ல ஊத்துது, தெரியல.

"ஏங்க, கால்ல ஊத்துதீய"ன்னேன்.

"ஏட்டி"ன்னாவ. எனக்கு அந்தக் குரலு இன்னும் காதுல கிடக்கு. "புல்லட்டுக்குத் தண்ணி கிடையாதுல்லா."

எனக்கு ஒண்ணும் விளங்கல. கடற்கரை அண்ணாச்சிக்கும் விளங்கல. இவிய செம்பைக் கீழ போட்டுட்டு வாசலுக்கு ஓடுனாவ, ரோட்டைப் பாத்தாவ, திரும்ப ஓடி வந்தாவ. மூஞ்சி சாம்பலாப் போச்சு. "இருவது வருசமா நான் குடைஞ்சது எல்லாம் தண்ணி ஓடுற சிலிண்டரு. பச்சத்தண்ணி சுத்தி நிக்கும், பிஸ்டன் பெருக்காது, அதனால டைட்டாப் போட்டேன், நல்லா இருந்துச்சு. புல்லட்டுக்குக் காத்து மட்டுந்தான். இந்த வெயில்ல காத்தே நெருப்பு. பிஸ்டன் பெருத்தா போறதுக்கு இடமே இல்ல. நான் இடமே விடல. பிடிச்சிரும். பிள்ளை முன்னால இருக்கு."

அது வரைக்கும் எங்க வீட்டுல பயம் அவிய சோலி. எனக்கு அது ஒரு வேடிக்கை. அந்த நிமிசத்துல அது என் மேல ஏறி உக்காந்துட்டு. சுவரு தாங்குமா, வெடிக்குமா, கை நழுவுமா, லேத்து கொத்துமான்னு எல்லாத்துக்கும் பயந்த மனுசன், இந்த ஒண்ணுக்கு மட்டும் பயப்படாம இருந்துட்டாவ. அது அவியளுக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை, அதான்.

போன் பண்ணிச் சொல்ல அன்னைக்கி யார் கையிலயும் ஒண்ணும் கிடையாது. பஸ்ஸுக்கு நிக்க முடியாது. பட்டறைக்கு வெளிய நின்னது என் டி.வி.எஸ் ஃபிப்டி ஒண்ணுதான். நான் சாவியை எடுத்தேன். "நான் மட்டும் போறேன்"ன்னேன்.

"நீ போயி என்ன சொல்லுவ? நிப்பாட்டுன்னா நிப்பாட்டுவானா அவன்?" சொல்லிக்கிட்டே பின்னால ஏறிட்டாவ. அத்தனை வருசத்துல அதுதான் முதல் தடவ. ரெண்டு கையாலயும் என் இடுப்பைச் சேத்துக் கட்டிக்கிட்டாவ, வலிச்சுது. கண்ணை மூடியிருப்பாவன்னு நினைச்சேன். கண்ணாடியில பாத்தேன், மூடல. அகலத் திறந்து ரோட்டையே பாத்துக்கிட்டு வாராவ.

புல்லட்டை டி.வி.எஸ் ஃபிப்டி பிடிக்குமா? பிடிக்காது. இவிய சொன்னபடி அவன் நாப்பதுல போனான்னா, நானும் நாப்பதுக்குக் கொஞ்சம் மேல போவேன். அவன் பசுவந்தனையில நின்னு ஆறப் போட்டான்னா பிடிச்சிரலாம். ரெண்டும் அவன் கையில இருந்துச்சு. கர்த்தாவே, இன்னைக்கி ஒரு நாளு அவன் சொன்ன பேச்சைக் கேக்கட்டும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஓட்டுனேன்.

சித்திரை வெயிலு. ரெண்டு பக்கமும் அறுத்து முடிச்ச கரிசல்காடு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. ஒரு நிழலு கிடையாது. ரோட்டுத் தாரு இளகிச் சக்கரத்துல ஒட்டுது. இவிய என் காதுக்குள்ள ஓயாமப் பேசிக்கிட்டே வாராவ. "இப்ப எண்ணெய் காய ஆரம்பிச்சிருக்கும். இப்ப சுவரு சுட்டிருக்கும். முதல்ல ஒரு முனகல் கேக்கும், அவனுக்குக் கேக்காது, அந்தச் சத்தத்துல கேக்காது."

"பேசாம வாங்க, நான் ரோட்டைப் பாக்கணும்"ன்னேன்.

கொஞ்ச தூரம் போனோம். அப்புறம், "ஜெபக்கனி, இன்னும் வேகமாப் போ"ன்னாவ.

என் பேரைச் சொல்லி அவிய கூப்பிடுறது அபூர்வம். வேகமாப் போன்னு எந்த ஜீவராசிகிட்டயும் அவிய சொன்னதே கிடையாது. எல்லாத்துக்கும் மேல அந்த வார்த்தைதான் என்னைக் கலங்கடிச்சிட்டு. முறுக்குனேன். இதுக்கு மேல முறுக்க முடியாது, சவம் அதுக்கு அவ்வளவுதான் சத்து.

பசுவந்தனையில ஒரு டீக்கடையில வண்டியை நிப்பாட்டாமலே கத்திக் கேட்டேன். "அண்ணாச்சி, புல்லட்ல ஒரு ஆளு, முன்னால பொம்பளைப் பிள்ளை, நின்னாங்களா?"

"இங்கன நிக்கலையே. போயி கொஞ்ச நேரமாச்சு. பறக்கான்."

பறக்கான். பின்னால இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அழுகையும் இல்ல, பேச்சும் இல்ல. நான் திரும்பிப் பாக்கல.

ஓட்டப்பிடாரம் ரோட்டுல கொஞ்ச தூரம் போயிருப்போம். "நிப்பாட்டு, நிப்பாட்டு"ன்னு என் தோள்ல அடிச்சாவ. நின்னேன். இறங்கி ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்காவ. தார் மேல கறுப்பா, புதுசா ஒரு கோடு. ஒரே ஒரு சக்கரம் இழுபட்டுத் தேஞ்ச கோடு. ரப்பர் கருகுன வாடை இன்னும் போகல.

நான் வண்டியைச் சாய்ச்சுப் போட்டுட்டு ரோட்டோரத்துல உக்காந்துட்டேன். இவிய அந்தக் கோட்டு மேலேயே குனிஞ்சு நடந்தாவ. "இங்கன பூட்டியிருக்கு"ன்னு சொல்லுதாவ, யார்கிட்டச் சொல்லுதாவன்னு தெரியல. கோடு கொஞ்ச தூரம் போயி வளைஞ்சு, ரோட்டு ஓரத்துக்கு வந்து, சட்டுனு நின்னு போச்சு. அந்த இடத்துல தரையில உக்காந்து கையை வச்சுப் பாத்தாவ. "இங்கன சக்கரம் உருண்டிருக்கு. விட்டிருக்கு. கிளட்சைப் பிடிச்சிருக்கான். ஏட்டி, பிடிச்சிருக்கான்."

ஆனா ஆளையும் காணல, வண்டியையும் காணல. முன்னால ரோடு ஒரு ஓடைப் பாலத்துக்கிட்ட வளையுது. ரெண்டு பேரும் ஓடுனோம். வளைவு தாண்டி, பாலத்துச் சுவர்ல புல்லட் சாஞ்சு நிக்கி. பக்கத்துல சாமுவேலு தரையில காலை நீட்டி உக்காந்திருக்கான். சட்டை நனைஞ்சு உடம்போட ஒட்டியிருக்கு. என்னைப் பாத்ததும் எந்திக்கப் பாத்தான், முடியல. "அக்கா"ன்னான்.

"பிள்ளை எங்கல?"ன்னு கேட்டேன்.

அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள இவிய பாலத்துச் சுவரைப் பிடிச்சுக் கீழ எட்டிப் பாத்துட்டாவ. தண்ணி இல்லாத ஓடை. பாலத்துக்கு அடியில நிழல்ல, துண்டை விரிச்சு, கிருபா உக்காந்திருக்கு. கல்லைப் பொறுக்கி அடுக்கிக்கிட்டிருக்கு. நிமிந்து பாத்துச்சு.

"மாமா, அப்பா விரலை எடுத்துட்டாங்க. நான் சொன்னேன். திருப்பி எடுத்தாங்க. திருப்பிச் சொன்னேன்."

இவிய மண்சரிவுல சறுக்கி இறங்குனாவ. இறக்கத்துல சைக்கிளை உருட்டுற மனுசன். பிள்ளையைத் தூக்கி, கையைப் பாத்து, காலைப் பாத்து, தலையைத் தடவி, மறுபடி கையைப் பாத்து, அப்புறம் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அங்கனயே உக்காந்துட்டாவ. பிள்ளை, "மாமா இறுக்காதீங்க"ங்குது. நான் மேல நின்னு அழுதேன்.

சாமுவேலு பிறகு சொன்னான். நாப்பதுல போறது அவனுக்குப் பொறுக்கல. ரோடு நேரா இருந்துச்சுன்னு அறுவதுக்கு மேல விட்டிருக்கான். பிள்ளை விடாம, "அப்பா விரலு, அப்பா விரலு"ன்னு நச்சரிச்சிருக்கு. எரிச்சல்ல, இந்தா வச்சிட்டேன் போதுமான்னு விரலை வச்சு அழுத்திக் காமிக்கப் போயிருக்கான். அந்தச் சமயத்துல பின்சக்கரம் பூட்டிட்டு. விரலு அங்கன இருந்ததால பிடிச்சிட்டான். "நானாப் பிடிக்கல அத்தான். அவதான் பிடிக்க வச்சா"ன்னு சொல்லிட்டு, தலையைக் கவுத்துக்கிட்டான். "நான் வேகமா வந்துட்டேன்."

"நாப்பதுல வந்திருந்தாலும் பிடிச்சிருக்கும்"ன்னாவ இவிய. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். நான் இடம் விடல சாமுவேலு. தப்பு என்னோடது." அதை அவிய மறைக்கல, மழுப்பல. அந்த வழியா வந்த பஸ்ல அவனையும் பிள்ளையையும் ஏத்தி அனுப்புனோம். பிள்ளையை நடு சீட்டுல உக்கார வச்சிட்டுத்தான் இறங்குனாவ.

புல்லட்டை ஒரு சின்ன லாரியில ஏத்திப் பட்டறைக்குக் கொண்டு வந்தோம். அவிய அதைப் பிரிக்கல, தொடல, சுவரு பக்கமா நிப்பாட்டித் தார்ப்பாயைப் போட்டு மூடிட்டாவ. பம்புசெட்டு வேலையும் ஓடல. சிலிண்டரைக் கையில எடுத்தா வச்சிருவாவ. சரி, இத்தோட தொழிலே போச்சுன்னு நான் நினைச்சேன். ஒரு நாள் காலையில மதுரைக்குப் போயி, பைக் வேலை பாக்குற பழைய கூட்டாளி ஒருத்தரைக் கண்டுபிடிச்சு, காத்துல ஆறுற இஞ்சினுக்கு எவ்வளவு இடம் விடணும்னு கேட்டுட்டு வந்தாவ. அப்புறம் தார்ப்பாயை எடுத்தாவ. சிலிண்டருக்குள்ள நீளமா கீறல். அந்தக் கீறல் போறதுக்கு இன்னும் ஒரு மயிரிழை குடைய வேண்டியிருந்துச்சு. முதல்லயே விட்டிருக்க வேண்டிய இடமும் அந்த மயிரிழைதான்னு சொன்னாவ. பிஸ்டனை எண்ணெய் தடவி விட்டாவ. இந்தத் தடவ அது மெல்ல இறங்கல, வழுக்கிட்டுப் போச்சு. அவிய வழக்கத்துக்கு அது லூசு. அதைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாவ.

சாமுவேலு வந்தான். வண்டியைத் தொட மாட்டேன்னுட்டான். வித்துரலாம் அத்தான்னான்.

"வாங்குறவன் ஓட்டுவாம்லா"ன்னாவ இவிய. "குடைஞ்சவன் முதல்ல ஓட்டணும். நான் ஓட்டுதேன்."

நான் அதுக்கு முன்னால எத்தனையோ விதமா அந்த மனுசனைக் கேலி பண்ணியிருக்கேன். அன்னைக்கி கேலி பண்ணத் தோணல. பள்ளிக்கூட மைதானத்துல சாமுவேலுகிட்ட ஓட்டப் பழகுனாவ. விழுந்து எந்திச்சு, மறுபடி விழுந்து. ஒரு காலைல, அதே பசுவந்தனை ரோட்டுல, தனியாக் கிளம்பிட்டாவ. நானும் பின்னால ஏறுதேன்னேன். கூடாதுன்னாவ.

வாசல்ல நின்னேன். புல்லட் சத்தம் டப் டப்னு தேஞ்சுக்கிட்டே போச்சு. ஊர் எல்லை தாண்டியும் லேசாக் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. தூரமாப் போனதால கேக்கலையா, நின்னு போனதால கேக்கலையான்னு தெரியல. இத்தனை வருசமா ஒரு விசில் சத்தத்துக்கும் ஒரு நட்டுக்கும் அவிய என்ன பாடு பட்டிருப்பாவன்னு அந்த வாசல்ல நின்னப்பத்தான் எனக்கு உறைச்சுது. உள்ள போகவும் முடியல, நிக்கவும் முடியல. டி.வி.எஸ்ஸை எடுத்தேன்.

பசுவந்தனை வரைக்கும் காணல. ஓட்டப்பிடாரம் ரோட்டுல திரும்புனேன். அந்தக் கறுப்புக் கோடு வெயில்ல வெளிறிப் போயி இன்னும் கிடந்துச்சு. என் கண்ணு அதுல போகல, அதுக்கு அங்கிட்டுப் போச்சு. பாலத்துக்கிட்ட புல்லட் நிக்கி. பக்கத்துல இவிய குத்தவச்சு உக்காந்து, சிலிண்டருக்கிட்டக் கையைக் கொண்டு போயிக் கொண்டு போயி எடுக்காவ.

"ஆறட்டும்னு நிப்பாட்டுனேன்"ன்னாவ. "நல்லா இருக்கு. பிடிக்கல."

பக்கத்துல போயி உக்காந்தேன். அப்பத்தான் அவிய இடது கையைப் பாத்தேன். ரெண்டு விரலும் மடங்குனபடியே இருக்கு. வீட்டுல இருந்து அது வரைக்கும் கிளட்சு மேலேயே வச்சிருந்து வச்சிருந்து, நிமிர மாட்டேங்குது. நான் அதைப் பிடிச்சு ஒவ்வொண்ணா நீவி விட்டேன்.

"இனி புதியம்புத்தூர் வரைக்கும் போணும்"ன்னாவ. "கிருபா இதைப் பாக்கணும்."

"நான் பின்னால ஏறிக்கிடட்டா?"

"வேண்டாம். நீ உன் வண்டியிலயே தள்ளி வா. நான் விழுந்தா தூக்க ஆளு வேணும்லா."

சிரிக்கச் சொன்ன மாதிரி சொன்னாவ. நான் சிரிக்கல. புல்லட்டை உதைச்சு ஸ்டார்ட் பண்ணி, நாப்பதுக்குக் கீழ, ரோட்டு ஓரமாவே போனாவ. நான் அந்தப் பின்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமப் பின்னாலேயே போனேன். என் டி.வி.எஸ்ஸுக்குக் கிளட்சே கிடையாது. இருந்தும் புதியம்புத்தூர்ல அவிய வண்டியை விட்டு இறங்குற வரைக்கும் என் இடது கையில ரெண்டு விரலு மடங்கித்தான் இருந்துச்சு.